சப்பென்று இருப்பது சாப்பாடா, நாக்கா?

"குழம்பு சப்புன்னு இருக்கு." "படம் சப்புன்னு முடிஞ்சிடுச்சு." "அவன் ஒரு உப்புச்சப்பில்லாத ஆளு." சாப்பாட்டுக்கும் சினிமாவுக்கும் மனிதருக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். அரட்டைக்கு அது போதும். ஆனால் காய்ச்சலில் எழுந்தவர் தட்டைத் தள்ளிவைக்கும்போதும், டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்ன வீட்டில் தினமும் சண்டை நடக்கும்போதும், அதிகம் பேசாத ஒரு பிள்ளைக்கு "மந்தம்" என்று பேர் வைத்துவிடும்போதும் இந்தக் குழப்பம் ஆளைப் படுத்துகிறது. கோளாறு ஓரிடத்தில் இருக்க, நாம் வேறிடத்தில் தேடுகிறோம்.

போனில் பேசும்போது "கேட்கல, கேட்கல" என்கிறோம் இல்லையா? அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். எதிர்முனையில் இருப்பவர் மெல்லப் பேசுகிறார். அல்லது நம் போனின் ஸ்பீக்கரில் தூசி அடைத்திருக்கிறது. அல்லது நாம் பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்கு நடுவே நிற்கிறோம். மூன்றிலும் விளைவு ஒன்றுதான், கேட்கவில்லை. சரிசெய்யும் வழிதான் வேறு வேறு.

சப்பென்று இருப்பதும் இப்படித்தான். பொருளில் வலு குறைவாக இருக்கலாம், அதைச் சப்பு என்போம். வாங்கிக்கொள்ளும் புலன் மழுங்கியிருக்கலாம், அதை மந்தம் என்போம். சுற்றியிருப்பது மிகப் பலமாக இருப்பதால் இது எடுபடாமல் போகலாம், அதைப் பின்னணி என்று வைத்துக்கொள்வோம். கட்டுரை முழுக்க இந்த மூன்றும் போதும்.

## நாக்குக்கு எட்டுவது கொஞ்சம்தான்

நாக்கில் இருக்கும் சுவை மொட்டு என்பது ஐம்பது முதல் நூறு செல்கள் வரை சேர்ந்த ஒரு சின்னக் கொத்து. அதன் நுனியில் ஒரு துளை. எச்சிலில் கரைந்து அந்தத் துளைக்குள் போகக்கூடிய பொருளை மட்டும்தான் அது உணரும். கரையாதது எவ்வளவு சத்தானதாக இருந்தாலும் நாக்குக்கு அது இல்லாத மாதிரிதான்.

வெறும் சோற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி மாவுச்சத்து. மாவுச்சத்தின் மூலக்கூறு மிகப் பெரியது, துளைக்குள் போகாது. அதனால்தான் சோறு சப்பென்று இருக்கிறது. அதே சோற்றை ஒரு வாய் எடுத்து விழுங்காமல் நன்றாக மென்றுகொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் லேசாக இனிக்கும். எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைத்துச் சிறு சர்க்கரையாக்கிவிடுவதுதான் காரணம்.

இப்படி நாக்கு நேரடியாக உணர்பவை ஐந்து என்று அறிவியல் இன்று ஏற்றுக்கொள்கிறது: இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, உமாமி. கடைசியாகச் சொன்னதை 1908-ல் டோக்கியோவில் கிகுனே இகேடா என்ற வேதியியலாளர் கடற்பாசிச் சாற்றிலிருந்து இனம் கண்டார். தக்காளி, காளான், கருவாடு போன்றவற்றைச் சமைத்தால் வாயை நிறைக்கும் அந்தச் சாறுத்தன்மைதான் உமாமி.

நுனி நாக்கில் இனிப்பு, அடி நாக்கில் கசப்பு என்று பள்ளிப் புத்தகத்தில் படம் பார்த்திருப்பீர்கள். அது தவறு. 1901-ல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வைப் பின்னால் வந்தவர்கள் மிகைப்படுத்தி எழுதியதில் பிறந்த படம் அது. சுவை மொட்டு உள்ள எல்லா இடத்திலும் ஐந்தையும் உணர முடியும்.

## காரம் இல்லாவிட்டால் சப்பா?

நம்மிடையே மிகப் பரவலாக இருக்கும் தவறு இதுதான். காரம் குறைந்த எந்தச் சமையலையும் "சப்பு" என்று ஒதுக்கிவிடுகிறோம். அறுசுவையில் காரமும் ஒன்று என்பது நம் மரபு. சாப்பிடும் அனுபவத்தைப் பிரித்துப் பார்க்க அந்தப் பட்டியல் அருமையானது. ஆனால் உடலுக்குள் நடப்பதைப் பார்த்தால் காரம் வேறு கம்பியில் போகிறது. மிளகாயில் உள்ள கேப்சைசின், சுடுபொருள் பட்டால் எரிச்சலை உணர்த்தும் அதே நரம்பைத் தூண்டுகிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் திறக்கும் ஒரு வாசலை மிளகாய் சூடே இல்லாமல் திறந்துவிடுகிறது. 1997-ல் இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மிளகாய் நறுக்கிய கையைக் கண்ணில் வைத்தால் எரிவதும் இதனால்தான். கண்ணில் சுவை மொட்டு கிடையாது.

துவர்ப்பும் ஓரளவு இப்படித்தான். நாவல்பழமும் பச்சை வாழைக்காயும் வாயை இழுத்துப் பிடிப்பது, அவற்றின் துவர்ப்பிகள் எச்சிலின் வழுவழுப்பான புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால். அது பெரும்பாலும் தொடு உணர்ச்சி.

ஆக, சப்புக்கும் காரமின்மைக்கும் சம்பந்தமில்லை. கடற்பாசியும் உலர்மீனும் போட்டுக் காய்ச்சிய ஜப்பானியச் சாறில் மிளகாய் வாசனையே இருக்காது, ஆனால் சுவை ஆழமாக இருக்கும். வெறும் மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டிய குழம்பு வாயைப் பொசுக்கும். கண்ணில் நீர் வரும், சாப்பிட்டு முடித்தபின் என்ன சாப்பிட்டோம் என்பது நினைவில் நிற்காது.

## மூக்கு இல்லாமல் ருசி இல்லை

ஓர் ஆரஞ்சு மிட்டாயை வாயில் போடுவதற்கு முன் மூக்கை இறுகப் பொத்திக்கொள்ளுங்கள். இனிப்பும் கொஞ்சம் புளிப்பும் தெரியும், அவ்வளவுதான். எலுமிச்சை மிட்டாயா ஆரஞ்சு மிட்டாயா என்று சொல்ல முடியாது. அப்புறம் மூக்கை விடுங்கள். குப்பென்று ஆரஞ்சு வந்து நிற்கும்.

மெல்லும்போது உணவிலிருந்து கிளம்பும் வாசனை, தொண்டைக்குப் பின்னால் இருக்கும் வழியாக மேலேறி மூக்குக்குள் போகிறது. இதைப் பின்வழி மணம் எனலாம். நாக்கு ஐந்தை மட்டுமே பிரித்தறியும்போது, மூக்கில் சுமார் 400 வகை மண உணர்விகள் வேலை செய்கின்றன. நாம் ருசி என்று சொல்வதில் பெரும் பங்கு மூக்கினுடையது. சுவை என்பது நாக்கில் படுவது, ருசி என்பது சுவையும் மணமும் சூடும் பதமும் சேர்ந்தது என்று இந்தக் கட்டுரையில் பிரித்துக்கொள்வோம்.

தாளிப்பின் அருமை இங்கே புரியும். கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை இவற்றின் மணப்பொருள்கள் எண்ணெயில் நன்றாகக் கரைபவை, சூட்டில் சீக்கிரம் ஆவியாகிப் பறப்பவை. அதனால் எண்ணெயில் பொரித்துக் கடைசியில் கொட்டுகிறோம். முதலிலேயே கொட்டிவிட்டு அரைமணி நேரம் கொதிக்கவிட்டால் அடுப்படி மணக்கும், சாம்பார் மணக்காது. ஆறிப்போன சாம்பாரும் அப்படியே. குளிர்ந்த உணவிலிருந்து மணம் குறைவாகத்தான் கிளம்பும். உப்பு, புளி எல்லாம் சரியாக இருந்தும் "என்னவோ குறையுதே" என்று தோன்றினால் பல சமயம் குறைவது வாசனைதான். அப்போது இன்னும் கொஞ்சம் உப்பைப் போடுவதில் பிரயோஜனம் இல்லை.

இதுவரை பார்த்தது பொருளின் பக்கம். கரைந்து நாக்குக்கு எட்டுவது குறைந்தாலும், ஆவியாகி மூக்குக்கு எட்டுவது குறைந்தாலும் உணவு சப்பாகும். காரம் இந்தக் கணக்கில் வராது.

## உப்பு செய்யும் வேலை

உப்பு தன் சுவையை மட்டும் தருவதாக இருந்தால், உப்புப் போட்ட எல்லாமே உவர்க்க வேண்டும். அளவான உப்புள்ள பருப்பில் நமக்கு உப்பு தெரிவதில்லை, பருப்பு தெரிகிறது. இது எப்படி?

உப்பில் உள்ள சோடியம் கசப்பை அடக்குகிறது. உணவில் நாம் கவனிக்காத சின்னச் சின்னக் கசப்புகள் நிறைய உண்டு. கீரையில், பருப்பின் தோலில், மஞ்சளில், வெந்தயத்தில். அவை இனிப்பையும் மற்ற சுவைகளையும் அழுத்திக்கொண்டிருக்கும். சோடியம் அந்தக் கசப்பைத் தணித்ததும் அடியில் இருந்தவை மேலே வருகின்றன. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் 1997-ல் இதை எளிதாகக் காட்டினார்கள். கசப்பும் இனிப்பும் கலந்த கரைசலில் சோடியம் உப்பைச் சேர்த்தபோது கசப்பு குறைந்தது, கூடவே இனிப்பு கூடியது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். பால், சர்க்கரை எதுவும் போடாத காபியை இரண்டு டம்ளரில் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு சிறு சிட்டிகை தூள் உப்பு, உப்புக் கரிப்பது தெரியாத அளவுக்கு. மாற்றி மாற்றிக் குடித்தால் உப்புப் போட்டதில் கசப்பின் முனை மழுங்கியிருக்கும். பாயசத்திலும் கேசரியிலும் பெரியவர்கள் துளி உப்புப் போடுவது வெறும் பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள்.

கும்பகோணம் பக்கத்தில் திருநாகேஸ்வரத்தில் இருக்கும் உப்பிலியப்பன் கோயிலில் நிவேதனம் உப்பில்லாமல்தான் தயாராகிறது. அங்கே சாப்பிட்டவர்கள் "உப்பில்லாததே தெரியல" என்பதைக் கேட்டிருப்பீர்கள். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். உப்பு இல்லாவிட்டாலும் புளிப்போ இனிப்போ நெய் மணமோ சூடோ இருந்தால் உணவு சப்பாக வேண்டியதில்லை என்பதும் அதில் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைப்பவர்கள் எலுமிச்சை, புளி, மிளகு, தாளிப்பு ஆகியவற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியது இதனால்தான்.

## நாக்கு மந்தமாகும்போது

இப்போது வாங்கும் பக்கம். சளி பிடித்தால் பின்வழி மணம் அடைபடும். சமையல்காரர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. 2020-ல் கொரோனா வந்தபோது, சாப்பாட்டில் ருசியே தெரியவில்லை என்று உலகம் முழுக்க மக்கள் சொன்னார்கள். பெரும்பாலோருக்கு முதன்மையாகப் பழுதானது மூக்கு.

வயதாகும்போது மோப்ப சக்தி குறைகிறது. வாய் உலர்ந்தால் பொருள் கரைய எச்சில் போதாது. புகைப்பழக்கம், துத்தநாகச் சத்துக் குறைவு, சில மருந்துகள் இவையும் சுவையைக் கெடுக்கும். குளிரும் நாக்கை மந்தமாக்கும். ஐஸ்கிரீமை உருகவிட்டுக் குடித்துப் பாருங்கள், தாங்க முடியாமல் தித்திக்கும். உறைந்திருக்கும்போது இருந்ததும் அதே சர்க்கரைதான்.

வீட்டில் பாட்டி திடீரென்று "எதுலயும் உப்பே இல்ல" என்று எல்லாவற்றிலும் உப்பைக் கூட்டச் சொன்னால், மருமகள் சமையலைக் குறை சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. அவருடைய மூக்கையும் வாயையும் மாத்திரைப் பட்டியலையும் டாக்டரிடம் காட்டிக் கேட்பது இருவருக்கும் நல்லது.

## பழகிப்போதல்

மூன்றாவது பின்னணி. ஜிலேபி தின்றுவிட்டுக் காபி குடித்தால் சர்க்கரையே போடாத மாதிரி இருக்கும். தொடர்ந்து வரும் தூண்டலுக்குப் புலன் தன் பதிலைக் குறைத்துக்கொள்கிறது, இதைப் பழகிப்போதல் என்கிறோம். நம் எச்சிலிலேயே கொஞ்சம் சோடியம் எப்போதும் உண்டு. அது நமக்குத் தெரியாததற்கும் இதுவே காரணம்.

புலன் அளப்பது வித்தியாசத்தைத்தான். அதுவும் ஏற்கெனவே இருப்பதோடு ஒப்பிட்டு. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் வெபர் 1834-லேயே எடைகளைக் கையில் தூக்கவைத்து இதைக் காட்டினார். சுமை கூடக் கூட, மாற்றத்தை உணர வேண்டுமானால் சேர்க்க வேண்டிய எடையும் கூடுகிறது. ரசத்தில் ஒரு சிட்டிகை உப்புக் கூடினால் வீடே சொல்லும். ஊறுகாயில் அதே சிட்டிகை யாருக்கும் தெரியாது.

நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குறைத்த முதல் சில நாட்கள் எல்லாம் சப்பென்றுதான் இருக்கும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் நாக்கின் அளவுகோலே இறங்கிவிடும். அப்புறம் பழைய ஓட்டல் சாம்பார் கரிக்கும். இடையில் மாறியது நாக்கின் எதிர்பார்ப்பு, சாம்பார் அதே சாம்பார்.

பொருள், புலன், பின்னணி என்று மூன்றையும் சாப்பாட்டில் பார்த்தாயிற்று. இதே மூன்றை வைத்துக்கொண்டு மனிதர்களைப் பார்க்கலாம்.

## "உப்புச்சப்பில்லாத ஆளு"

"உப்புப் போட்டுத்தானே சோறு திங்கிற?" என்று ரோசத்தைக் கிளப்பும் ஊர் நம்முடையது. குணத்தில் உப்பு வேண்டும் என்பது நமக்குப் பழைய எண்ணம். காதலர் ஊடலுக்கு உப்பை உவமையாக்கி, அளவாக இருக்க வேண்டும், சற்று மிஞ்சினால் கெடும் என்று 1302-வது குறளில் வள்ளுவர் சொல்கிறார்.

ஒருவரைச் சப்பு என்று எதை வைத்துச் சொல்கிறோம்? 1986-ல் அமெரிக்க உளவியலாளர் மார்க் லியரியும் அவருடன் பணிபுரிந்தவர்களும், பேச்சில் அலுப்பூட்டும் நடத்தைகள் எவை என்று ஆராய்ந்தார்கள். தன் குறைகளையே பாடிக்கொண்டிருப்பது, எதிரில் இருப்பவர்மேல் அக்கறை காட்டாதது, சொன்னதையே சொல்வது, முகத்திலும் குரலிலும் உணர்ச்சி தெரியாதது, தானாக எதுவும் பேசாதது இவையெல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. கவனியுங்கள், கலகலப்பாக ஓயாமல் பேசுபவரும் இதில் மாட்டுவார். அமைதி வேறு, சப்பு வேறு.

பல சமயம் நாம் இவ்வளவுகூடப் பார்ப்பதில்லை. 2022-ல் எசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வொன்றில், அலுப்பான வேலை என்று மக்கள் முன்னணியில் வைத்தவை தரவுப் பகுப்பாய்வு, கணக்கியல், வரி மற்றும் காப்பீடு, துப்புரவு, வங்கி. ஒருவர் இப்படிப்பட்ட வேலை பார்ப்பவர் என்று எழுத்தில் படித்த மாத்திரத்திலேயே அவரைத் தவிர்க்க நினைத்தார்கள். அவர் வாயைத் திறக்கவே இல்லை. இது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. மெனுவைப் பார்த்தே சாப்பாடு சப்பு என்று எழுந்து போவது இது.

இன்னொரு பிழை இதைவிடக் கொடியது. வெளியே தெரியாததை உள்ளே இல்லாதது என்று எண்ணுவது. பார்கின்சன் நோயில் முகத் தசைகள் விறைத்து முகபாவம் குறைந்துபோகும். பேரன் பிறந்த செய்தி கேட்டு உள்ளுக்குள் பூரித்தாலும் முகம் அசையாமல் இருக்கலாம். "அப்பாவுக்கு எதிலுமே பிடிப்பில்லாமப் போச்சு" என்று குடும்பம் முடிவுகட்டிவிடுகிறது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் ஆள் மந்தமாகத் தெரிவார், அதற்கு மாத்திரை இருக்கிறது.

## எதுவுமே ருசிக்காத மனம்

வாங்கும் பக்கம் மழுங்குவதும் மனிதரில் உண்டு. பிடித்த பாட்டு, பிடித்த பண்டம், பிடித்த நண்பர் எதுவும் இன்பம் தராத நிலையை இன்பமின்மை என்கிறார்கள். பிரெஞ்சு உளவியலாளர் தியோதுல் ரிபோ 1896-ல் இதற்குத் தனிப்பெயர் கொடுத்தார். இது மனச்சோர்வு நோயின் முக்கிய அறிகுறிகளில் ஒன்று. இதில் சோறு ருசிக்காமல் போவதும் வாழ்க்கை ருசிக்காமல் போவதும் சேர்ந்தே வரலாம்.

சோம்பேறி, திமிர், அசமந்தம் என்று நாம் திட்டும் சிலர் இந்த நிலையில் இருப்பவர்கள். எதிலும் நாட்டமின்மை நாளின் பெரும்பகுதியும் இரண்டு வாரம் தொடர்ந்து இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

பின்னணியை மறந்துவிடக் கூடாது. நொடிக்கொரு திருப்பம் வரும் ரீல்ஸை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு எழுந்தால், நிதானமாகக் கதை சொல்லும் மாமா சப்பென்று தெரிவார். ஜிலேபிக்குப் பின் வந்த காபி அவர்.

## சப்புக்கும் ஒரு மதிப்பு உண்டு

இத்தனை நேரமும் சப்பை ஒரு குறையாகவே பேசினோம். சோற்றை மறுபடி பாருங்கள். வத்தக்குழம்பும் தயிரும் கீரையும் பாயசமும் ஒரே இலையில் முட்டிக்கொள்ளாமல் இருப்பது சோற்றால்தான். இட்லியும் இடியாப்பமும் தனக்கென்று பலமான ருசி வைத்துக்கொள்ளாததால்தான் காலையில் சட்னியோடும் இரவில் குருமாவோடும் ஒத்துப்போகின்றன.

இந்த எண்ணத்தைக் குணத்துக்குக் கொண்டுபோனவர்கள் சீனர்கள். நல்லவர்களின் நட்பு தண்ணீரைப் போல் சப்பானது, அற்பர்களின் நட்பு மதுவைப் போல் தித்திப்பானது என்பது அங்கே பழமொழியாக வழங்கும் பழைய வாக்கு. மூன்றாம் நூற்றாண்டில் வெய் அரசில் அதிகாரியாக இருந்த லியூ ஷாவ், யாரை எந்தப் பதவியில் வைக்கலாம் என்று ஆராய்ந்து எழுதியபோது, மனிதக் குணங்களில் உயர்ந்தது நடுநிலை என்றும், அது சப்பாகவும் சுவையற்றும்தான் இருக்கும் என்றும் சொன்னார். ஒரு குணம் தூக்கலாக உள்ளவர் அதற்குரிய ஒரு வேலைக்குப் பொருந்துவார். எந்தக் குணமும் தூக்கலாக இல்லாதவரால்தான் மற்ற எல்லாரையும் அவரவர் இடத்தில் வைத்து வேலை வாங்க முடியும் என்பது அவர் கணக்கு.

நம் குடும்பங்களிலும் இது நடைமுறையில் இருக்கிறது. பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பி முறைத்துக்கொண்டு நிற்கும்போது சொந்தத்தில் வாய்ச்சவடால் உள்ளவரைக் கூப்பிடுவதில்லை. கல்யாண வீட்டில் யார் கண்ணிலும் படாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரியப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள். அவர் வந்து இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, பத்திரத்தை ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, நாலு வார்த்தை சொல்வார். இரண்டு பேரும் ஒத்துக்கொள்வார்கள்.